சாலையில் ஒரு உயிர் போனால் எத்தனை வருடம்? பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கிராணி, அதாவது எழுத்தர், வேலை பார்த்தவன். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறி லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கும் இக்கரைக்கும் அலைந்து, பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் பிறையில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மோட்டாரில் நைட் ஷிஃப்டுக்குப் போன பையன், பத்தொன்பது வயது. சாப்பிட்டு இலை மடிப்பதற்குள் அவன் தாய்மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அண்ணே, அந்த லோரிக்காரனுக்கு எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேனோ தெரியாது. அதனால் ஒரேயடியாக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை வருடம்?

எந்தப் பிரிவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன். இதுதான் பலருக்குப் புரியாத இடம். சிறை எத்தனை வருடம் என்பது தீர்ப்பு நாளில் நீதிபதி வாயிலிருந்து வந்தாலும், அதில் பாதி அதற்குப் பல மாதம் முன்பே, அரசுத் தரப்பு வக்கீலின் மேசையில் பிரிவு எண் எழுதப்படும்போதே முடிந்துவிடுகிறது.

மலேசியாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பிரிவு 41 என்றால் பொறுப்பற்ற முறையிலோ ஆபத்தான முறையிலோ வண்டியோட்டி மரணம் விளைவித்தது. குறைந்தது 5 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை. அதோடு 20,000 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமும் உண்டு. சிறை அல்லது அபராதம் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை, இரண்டும் சேர்த்துத்தான். லைசென்ஸ் குறைந்தது 5 வருடத்துக்குப் போய்விடும். இரண்டாம் முறை அதே குற்றம் என்றால் 10 முதல் 15 வருடம்.

பிரிவு 42 ஆபத்தான முறையில் ஓட்டியது மட்டும். மரணம் அந்தக் குற்றத்தின் பகுதியே இல்லை. 5 வருடம் வரை சிறை, 5,000 முதல் 15,000 வெள்ளி அபராதம். இங்கே "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். கீழ் எல்லை கிடையாது என்பதால் ஒரு நாள் சிறையும் சட்டப்படி சிறைதான். ஒரு நாள் சிறை என்றால் பல நேரம் சாயந்திரம் நீதிமன்றம் முடியும்வரை லாக்கப்பில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது.

பிரிவு 43 கவனக்குறைவு. 4,000 முதல் 10,000 வெள்ளி அபராதம், 12 மாதம் வரை சிறை விதிக்கலாம், விதிக்காமலும் விடலாம்.

ஐந்து வருடத்துக்கும் நாலாயிரம் வெள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம் பார்த்தீர்களா? இறந்தது ஒரே பையன், மோதியது ஒரே லோரி. பிரிவு எண் மட்டும் மாறினால் இவ்வளவு.

என் தம்பி செத்தே போய்விட்டான். அப்புறம் எப்படி வெறும் கவனக்குறைவு என்று 43இல் போடுகிறார்கள்?

கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் முதலில் பார்ப்பது விளைவை இல்லை, ஓட்டிய விதத்தை. ஒரு விநாடி கண்ணாடியைப் பார்க்காமல் லேன் மாறியவன் ஒருவரைக் கொன்றுவிடலாம். டோல் தாண்டி ரேஸ் விட்டவன் யாரையும் உரசாமல் வீடு போய்ச் சேரலாம். முதலாமவன் செய்தது தவறு, இரண்டாமவன் செய்தது அக்கிரமம். விளைவை மட்டும் வைத்துத் தண்டித்தால் முதலாமவன் சிறையில் இருப்பான், இரண்டாமவன் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பான்.

பிரிவு 41 எழுதியிருக்கும் விதமே இப்படித்தான்: சாலையின் தன்மை, நிலை, அகலம், அப்போது இருந்த போக்குவரத்து, இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்து, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து அந்த வேகமோ அந்த முறையோ பொதுமக்களுக்கு ஆபத்தானதா என்று கேட்கிறது. இரவு இரண்டு மணிக்குக் காலியான ஹைவேயில் தொண்ணூறு ஒன்று, காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலில் தொண்ணூறு வேறு.

இதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். டேஷ்கேம், சாலையில் டயர் தேய்ந்த தடம், போலீஸ் வரைபடம், வண்டிகளைச் சோதிக்கும் புஸ்பகோம் நிறுவனத்தின் அறிக்கை, பின்னால் வந்தவரின் வாக்குமூலம். இவை இல்லையென்றால் 41 நிற்காது. 41இல் குற்றம் சாட்டப்பட்டவரை, அது நிரூபணமாகாவிட்டால், 42இலோ 43இலோ குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடியும். அதனால் "சும்மா 41இல் போட்டுப் பார்ப்போம்" என்று நினைக்கும் குடும்பங்கள் கடைசியில் 43இல் வந்து நிற்பதும் உண்டு.

என் அனுபவத்தில் சொல்கிறேன், வழக்கு முடிந்து அழுவதைவிட முதல் வாரத்தில் டேஷ்கேம் தேடுவது பெரிய காரியம். அந்த வழியில் தினமும் போகிற லோரி, பேருந்து, மூலையில் இருக்கும் கடையின் கேமரா. பல கேமராக்கள் சில நாளில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். ஐஓவிடம், அதாவது விசாரணை அதிகாரியிடம், உடனே சொல்லுங்கள்.

ஜொகூர் பாருவில் எட்டுப் பையன்கள் இறந்த வழக்கில் அந்தப் பெண்ணுக்கு ஆறு வருடம் கொடுத்துவிட்டு அப்புறம் விடுதலை செய்தார்களே, ஏன்?

பிப்ரவரி 18, 2017, விடியற்காலை மூன்று மணிக்கு மேல், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகப் போன பையன்கள்மேல் கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அந்தப் பெண்ணை இரண்டு முறை விடுதலை செய்தது. ஏப்ரல் 2022இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி 6 வருடச் சிறை, 6,000 வெள்ளி அபராதம், சிறை முடிந்தபின் 3 வருடம் வண்டியோட்டத் தடை என்று தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து, ஏப்ரல் 2023இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

காரணத்தில்தான் பாடம் இருக்கிறது. குற்றச்சாட்டில் "பொறுப்பற்ற அல்லது ஆபத்தான முறையில்" என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு குற்றம், எதற்குப் பதில் சொல்வது என்று எதிர்த்தரப்பு குழம்பிப்போகும், குற்றச்சாட்டே பழுது என்று நீதிமன்றம் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட வழக்கு கடைசியில் ஒரு "அல்லது"வில் போய் நின்றது. நான் கிராணி, எனக்கு இது ஆச்சரியமில்லை. எத்தனை ஃபைல் ஒரு சொல்லுக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

2020க்கு முன்னால் நடந்த விபத்துக்கும் இதே தண்டனையா?

இல்லை. இப்போதுள்ள எண்கள் 23 அக்டோபர் 2020 முதல் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன் பிரிவு 41க்கு 2 முதல் 10 வருடம், 5,000 முதல் 20,000 வெள்ளி. கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆம் விதி, குற்றம் நடந்த அன்று இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையைப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டி விதிக்கக் கூடாது என்கிறது. மேலே சொன்ன ஜொகூர் வழக்கில் அபராதம் வெறும் 6,000 ஆக இருந்ததற்குக் காரணம் அதுதான், விபத்து 2017இல் நடந்தது.

சாகவில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, படுத்த படுக்கை. அதற்கு என்ன பிரிவு?

நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்பேன். மதுவோ போதைப்பொருளோ அருந்தி ஓட்டிக் காயம் விளைவித்தால் பிரிவு 44 கடுமையாகப் பிடிக்கிறது: 7 முதல் 10 வருடம், 30,000 முதல் 50,000 வெள்ளி. ஆனால் குடிக்காமல், சுயநினைவோடு, சிவப்பு விளக்கைத் தாண்டி ஒருவரை ஆயுள் முழுதும் படுக்கையில் தள்ளினால், போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. 42க்குத்தான் போக வேண்டும், காயம் எவ்வளவு பெரியது என்பது அந்தப் பிரிவில் எழுதியே இல்லை. தண்டனைச் சட்டத்தின் பிரிவு 338, பிறர் உயிருக்கு ஆபத்தான செயலால் கொடுங்காயம் விளைவிப்பதைத் தண்டிக்கிறது, அதுவும் 2 வருடம் வரைதான்.

இங்கிலாந்தில் 2012 டிசம்பரிலிருந்து ஆபத்தான ஓட்டத்தால் பெருங்காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக வைத்து 5 வருடம் வரை கொடுக்கிறார்கள். மரணம் என்றால் முன்பு 14 வருடம் வரை, ஜூன் 2022இலிருந்து ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் அங்கே கீழ் எல்லை நம்முடையதுபோல ஐந்து வருடத்தில் இறுக்கிக் கட்டியதில்லை. நமக்கோ மரணத்துக்குத் தரை உயரம், காயத்துக்குத் தரையே இல்லை. ஐசியூவில் ஒரு உயிர் தப்பினால் எதிர்த்தரப்புக்கு ஐந்து வருடம் தப்புகிறது.

42இல் காயத்தின் கனத்தை நீதிபதி பார்க்கவே மாட்டார் என்று அர்த்தமில்லை. மருத்துவ அறிக்கை முன்னால் இருந்தால் பார்ப்பார். அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

5க்கும் 10க்கும் நடுவில் எந்த எண் என்று நீதிபதி எப்படி முடிவு செய்கிறார்?

மனம் போனபடி இல்லை. சட்டப்படி தண்டனை என்றால், பிரிவு சொல்லும் எல்லைக்குள் இருப்பது மட்டும் போதாது, நிலைபெற்ற நீதி நெறிகளின்படி எடைபோட்டும் விதிக்க வேண்டும் என்று நீதிபதி முகமட் அஸ்மி 1981இல் சொன்னது இன்றும் எல்லா வக்கீலும் எடுத்துப் படிக்கிற வரி. அதற்கும் முன்னால் 1976இல் நீதிபதி ஹாஷிம் யோப் சானி, தண்டனையை எடைபோடும்போது பொதுநலன்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று என்றார். இந்த இரண்டும் வாசல்படிகள், எல்லா வாதமும் இவற்றில் ஏறித்தான் உள்ளே போகும்.

உள்ளே போனதும் பழைய நெறிகள் வரிசையாக வரும். செய்ததற்கு ஏற்ற தண்டனை வேண்டும். அவனும் மற்றவர்களும் இனிச் செய்யாதபடி அச்சம் வேண்டும். திருந்தவும் ஒரு வழி வேண்டும். பொதுமக்களைக் காக்கவும் வேண்டும். கேட்க அழகாக இருக்கும், ஆனால் இவை ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். இருபத்தோரு வயதுப் பையனுக்கு எதிரில் திருத்தம் பெரிதா அச்சம் பெரிதா என்று கேட்டால் பொதுவாக இளைஞர் பக்கம் சாய்வார்கள், ஆனால் சாலை மரணங்களில் பொதுநலன் மேலே வந்து உட்கார்ந்துவிடும்.

இதில் உண்மையில் எண்ணை நகர்த்துவது ஒரே கேள்விதான்: ஓட்டுநர் எவ்வளவு தூரம் தன் பொறுப்பைத் தூக்கி எறிந்தார்? இங்கிலாந்தில் எழுபதுகளிலேயே, ஒரு கணம் கவனம் தப்பியவரையும், பிறர் உயிரைப் பற்றிக் கவலையே படாமல் சுயநலமாக ஓட்டியவரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1998இலும் 2002இலும் வந்த வழிகாட்டித் தீர்ப்புகளும் இதே இடத்தில்தான் நிற்கின்றன. நம் நீதிபதிகளும் காமன்வெல்த் தீர்ப்புகளைப் பார்ப்பவர்கள்.

எது எடையைக் கூட்டும்? ரேஸ், சிவப்பு விளக்கு, இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்தியது, கையில் கைப்பேசி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, பிரேக் சரியில்லை என்று தெரிந்தே எடுத்தது, தூக்கம் கண்ணைச் சொருகியும் நிறுத்தாமல் போனது, மோதிவிட்டு ஓடியது. கடைசியாகச் சொன்னது தனிக் குற்றமும்கூட. நின்று உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். பழைய சமன்களும், அதாவது முன்பு வாங்கிய போக்குவரத்து அபராதச் சீட்டுகளும், வெளியே வரும். அரசுத் தரப்பு எழுந்து ஒரு தாளை நீட்டினால் வக்கீலுக்கு முகம் வாடிவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

குறைப்பதும் உண்டு: முன்குற்றம் இல்லை, உடனே ஒப்புக்கொண்டது, ஒரு நொடித் தவறு, மழை, விளக்கில்லாத வளைவு, ஓட்டியவருக்கே பெருங்காயம். இறந்தது ஓட்டியவரின் சொந்தக் குழந்தையாகவே இருந்துவிட்டால் அதையும் பார்ப்பார்கள். "அவருக்கு வயதான அம்மா இருக்கிறார், மூன்று பிள்ளைகள்" என்பது எல்லா வழக்கிலும் வரும். எல்லாருக்கும் அம்மா உண்டு என்பதால் அது அதிக தூரம் போகாது.

இறந்தவர் எண்ணிக்கை கூடினால் தண்டனை கூடுமா?

பார்ப்பார்கள், ஆனால் பெருக்கல் கணக்கு இல்லை. மே 13, 2025இல் தெலுக் இந்தானில் சித்திரைத் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸாரின் வண்டியோடு கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நம் திருவிழாவுக்கு வந்து நின்றவர்கள் என்பதால் அந்த வாரம் பினாங்கில் எங்கே போனாலும் இதே பேச்சு. ஒன்பது பேருக்கு ஒன்பது மடங்கா என்று பலர் கேட்டார்கள். ஒரே சம்பவத்தில் எழும் தண்டனைகளை ஒரே நேரத்தில் அனுபவிக்கச் சொல்வதுதான் பொதுவான பழக்கம், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது அரிது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழியும் என்கிறார்களே?

கழியலாம். 1988இல் வெளியான ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அது உரிமை இல்லை. பொதுநலன் கேட்டால் தராமலும் இருக்கலாம். இன்னொன்று, தரை ஐந்து வருடம். ஏழரை வருடத்துக்குரிய குற்றத்தில் மூன்றில் ஒன்று போனால் ஐந்தில் நிற்கும், ஆறு வருடத்துக்குரியதில் ஒப்புக்கொண்டாலும் ஒரு வருடத்துக்கு மேல் குறைக்க இடமில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 41இல் ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எப்படியும் ஐந்து வருடம் என்றால் விசாரணைக்கே போய்ப் பார்ப்போம் என்கிறார்கள். இதனால் குடும்பங்களும் வருடக்கணக்கில் மென்ஷனுக்கு, அதாவது வழக்குத் தவணைக்கு, அலைகின்றன. கடுமையான சட்டம் கேட்டோம், கிடைத்தது, அதன் விலை இது.

இன்னொரு வழி, வக்கீல் ரெப்ரெசென்டேஷன் கடிதம் எழுதி 41ஐ 42க்கோ 43க்கோ குறைத்தால் ஒப்புக்கொள்வதாகச் சொல்வது. அரசுத் தரப்பு ஏற்கலாம், மறுக்கலாம். எங்கள் அலுவலகத்திலிருந்து நானே எத்தனையோ கடிதம் தட்டச்சு செய்திருக்கிறேன். தண்டனை உண்மையில் தீர்மானமாகும் இடம் அந்தக் கடிதம்தான் என்பது கூண்டில் நிற்பவருக்குத் தெரியும், பின்பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்: நீங்களும் அரசுத் தரப்புக்குக் கடிதம் எழுதலாம், குறைக்க வேண்டாம் என்று காரணம் சொல்லலாம். அவர் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனால் ஃபைலில் ஏறும்.

குடித்திருந்தால்?

பிரிவு 44. மரணம் என்றால் 10 முதல் 15 வருடம், 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி, லைசென்ஸ் குறைந்தது 10 வருடத்துக்கு இல்லை. இரண்டாம் முறை 15 முதல் 20 வருடம். எல்லையும் இறங்கிவிட்டது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது இப்போது 50. "ரெண்டு டின்தானே" என்று கணக்குப் போடும் அண்ணன்மார்கள் பழைய எண்ணை வைத்தே இன்னும் கணக்குப் போடுகிறார்கள்.

நான்தான் வண்டியோட்டியவன். இறந்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா? பணம் கொடுத்தால் வழக்கு வாபஸ் ஆகுமா?

வாபஸ் ஆகாது. வழக்கு நடத்துவது குடும்பம் இல்லை, அரசு. அரசியலமைப்பின் 145ஆம் விதிப்படி வழக்குத் தொடுப்பதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். அம்மா மன்னித்தாலும் வழக்கு நிற்காது, அம்மா மறுத்தாலும் அதனால் தண்டனை கூடிவிடாது.

ஆனால் போகலாமா என்றால், வக்கீலைக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே பேசும் ஒவ்வொரு சொல்லும் பிறகு சாட்சியாகத் திரும்பி வரலாம். சாவு வீட்டுச் செலவுக்கு ஏதாவது கொடுப்பது வருத்தத்துக்கு அடையாளமாகக் கொஞ்சம் எடைபெறும். தண்டனை நாளுக்கு முந்தின வாரம் உறையோடு வந்து நின்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் பேசத் தெரியாமல் சுடுகாட்டுக்கு வந்து வெளியே மரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் இரண்டு வருடம் கழித்தும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

குடும்பத்தின் குரலை நீதிமன்றம் கேட்குமா?

கேட்கும், நீங்கள் கேட்டால்தான் கேட்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 183ஏ என்ற பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவரோ குடும்பமோ கோரினால், தண்டனை விதிக்கும் முன் பாதிப்பைப் பற்றி அறிக்கை தர நீதிமன்றம் அழைக்க வேண்டும். பலருக்கு இது தெரியவே தெரியாது. ஐஓவிடமும் அரசுத் தரப்பு வக்கீலிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எழுதும்போது ஒன்று. "அவனைத் தூக்கில் போடுங்கள்" என்று எழுதாதீர்கள். எத்தனை வருடம் என்பது உங்கள் வேலை இல்லை. வீட்டு வாடகை யார் கட்டினார், தங்கையின் படிப்பு என்ன ஆனது, அப்பா இன்னும் மருந்து எடுத்துத்தான் தூங்குகிறார், இப்படி நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஒரு அம்மா, மகனுடைய ஹெல்மெட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிய ஆணியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை என்று ஒரே வரி எழுதினார். அன்று மொழிபெயர்ப்பாளர் கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் படித்தார்.

இறந்தவன் ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸும் இல்லை. அது எங்களுக்கு எதிராகப் போகுமா?

ஓட்டியவரின் குற்றத்தை அது அழிக்காது. தண்டனையில் கொஞ்சம் இழுக்கலாம், இழப்பீட்டு வழக்கில் நன்றாகவே இழுக்கும், அங்கே இரு தரப்புத் தவறையும் விழுக்காட்டில் பங்கு போடுவார்கள். மறைத்துப் பயனில்லை, போலீஸ் வரைபடத்தில் எல்லாம் இருக்கும்.

ஓட்டியவன் பதினேழு வயதுப் பையன் என்றால்?

குழந்தைகள் சட்டம் 2001 வரும், தனி நீதிமன்றம், மூடிய அறை. வேறு வழி இருக்கும்போது சிறைக்கு அனுப்பாதே என்பதுதான் அங்கே நெறி. ஹென்றி கர்னி என்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவது, நன்னடத்தைப் பிணை, இப்படிப் போகும். பையனிடம் சாவியைக் கொடுத்த அப்பாவும் சிக்குவார், லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிடுவது உரிமையாளரின் குற்றம்.

அபராதப் பணம் எங்களுக்கு வருமா?

வராது, அரசாங்கத்துக்குப் போகும். ஐம்பதாயிரம் அபராதம் என்று பேப்பரில் படித்துவிட்டு, "பணம் எப்போது வரும்?" என்று அலுவலகத்துக்கு வந்தவர்கள் உண்டு. உங்கள் பணம் வேறு வழியில்: எதிர் வண்டியின் ஓட்டுநர், உரிமையாளர் மீது சிவில் வழக்கு, பணம் கட்டுவது பொதுவாக அந்த வண்டியின் காப்புறுதி நிறுவனம். இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் கேட்கும் சார்ந்திருந்தோர் கோரிக்கையை 3 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்து நொந்திருக்கிறேன். இரண்டும் தனித்தனி வண்டி, ஒன்றுக்காக மற்றது நிற்காது. துயர ஈடு 2019இலிருந்து 30,000 வெள்ளி, யார் பெறலாம் என்பதில் வரம்பு உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடந்திருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவையும் மறக்காதீர்கள். பிறைப் பையன் விஷயத்தில் அவர்கள் அதை யோசிக்கவே இல்லை.

ஐந்து வருடம் என்றால் முழுசாக ஐந்து வருடம் உள்ளே இருப்பாரா?

நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். நீதிபதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது சிறைச்சாலை விதி.

தண்டனை போதவில்லை. நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா?

நீங்கள் முடியாது, அரசுத் தரப்பு செய்யலாம், தண்டனை பெற்றவரும் செய்யலாம். இரு தரப்புக்கும் 14 நாள்தான். அதனால் தீர்ப்பு நாளன்றே அரசுத் தரப்பு வக்கீலைத் தாழ்வாரத்தில் பிடித்துப் பேசுங்கள். மேல் நீதிமன்றமும், "நானாக இருந்தால் கூடக் கொடுத்திருப்பேன்" என்பதற்காக மாற்றாது. கீழே நெறி தவறியிருந்தாலோ, கண்ணுக்குத் தெரியும்படி மிகக் குறைவாகவோ அதிகமாகவோ இருந்தாலோதான் கை வைக்கும்.

தண்டனை நாளில் நாங்கள் போக வேண்டுமா? மலாய் சரியாக வராது.

கட்டாயமில்லை, ஆனால் போங்கள். எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள், கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், எண் இருபதாக இருந்தால் பன்னிரண்டு மணி ஆனாலும் ஆகும், கான்டீனுக்குப் போனாலும் ஒருவர் வாசலிலேயே இருக்கட்டும். அறிக்கையை மூன்று நகல் எடுத்துவையுங்கள். மலாய் வராவிட்டால் தமிழிலேயே பேசலாம், அரசுத் தரப்பு வக்கீலிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்து நீதிமன்றத்தில் இருந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், அவர் வந்து சேரும்வரை வழக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்து அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.